மருத்துவமனையின் கணினியை யார் கையில் ஒப்படைப்பது?

மருத்துவமனை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் மருத்துவரும் செவிலியரும். சற்று யோசித்தால் ஆய்வகத்தில் இரத்தம் எடுப்பவரும், மருந்தகத்தில் சீட்டை வாங்கிப் பார்ப்பவரும் நினைவுக்கு வருவார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு அறையில் சர்வர் பெட்டியோடு அமர்ந்திருக்கும் கணினிப் பணியாளரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் இன்று நோயாளியின் பெயரைப் பதிவதும், பரிசோதனை முடிவை வார்டுக்கு அனுப்புவதும், எக்ஸ்ரே படத்தை மருத்துவரின் மேசைக்குக் கொண்டு வருவதும், வீடு திரும்பும் நேரத்தில் பில் போடுவதும் அவருடைய பொறுப்பில் இருக்கும் இயந்திரங்கள் வழியாகத்தான் நடக்கின்றன.

இந்த வேலையை மருத்துவமனை தன் ஆட்களைக் கொண்டே செய்வதா, வெளி நிறுவனம் ஒன்றிடம் முழுவதுமாக ஒப்படைப்பதா, அல்லது ஒரு பகுதியை மட்டும் மாதக் கட்டணத்துக்குக் கொடுப்பதா என்ற கேள்வி உலகெங்கும் மருத்துவமனை நிர்வாகங்களின் மேசைக்கு வந்திருக்கிறது. அருட்சகோதரிகள் நடத்தும் ஐம்பது படுக்கை மருத்துவமனையும் இதற்கு விலக்கல்ல. இது நிர்வாகிகளின் கவலை, நமக்கென்ன என்று இறைமக்களாகிய நாம் இருந்துவிட முடியாது. அந்தப் படுக்கையில் நாளை படுக்கப்போகிறவர்கள் நாம். அந்தக் கணினி வேலையைச் செய்கிறவர்களில் பலர் நம் பிள்ளைகள்.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். முன்பெல்லாம் ஒரு சிறிய மருத்துவமனை கணினியே இல்லாமல் காலம் தள்ளலாம். இப்போது முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானாலும், தனியார் காப்பீட்டு நிறுவனமானாலும், அனுமதி கேட்பதும் பணம் கோருவதும் இணையம் வழியாகத்தான். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நோயாளியின் பதிவுகளை மின்னணு முறைக்குக் கொண்டு வரச் சொல்கிறது. கணினித் தேவை இப்படிப் பெருகும்போது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. சிறு நகர மருத்துவமனை ஒன்று கணினி படித்த இளைஞர் ஒருவரைச் சேர்த்து, இரண்டு ஆண்டுகள் அவர் வேலை பழகிய பிறகு, சென்னையிலோ பெங்களூருவிலோ இரண்டு மடங்கு சம்பளம் கிடைத்ததும் அவர் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வீட்டில் தங்கையின் திருமணம் இருக்கும், வங்கியில் கல்விக் கடன் இருக்கும். ஆனால் எந்தக் கடவுச்சொல் எதற்குரியது, எந்தப் பெட்டியில் எந்தப் பதிவு இருக்கிறது என்ற அறிவும் அவரோடு பேருந்து ஏறிப் போய்விடுகிறது.

இந்த நிலையில்தான் வெளி நிறுவனங்கள் கதவைத் தட்டுகின்றன. அவை கொண்டு வரும் யோசனைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாவது அவுட்சோர்சிங். கணினித் துறையை அப்படியே தூக்கி வெளியே கொடுத்துவிடுவது. ஆட்களும் அவர்களுடையவர்கள், முறைகளும் அவர்களுடையவை, சில வேளைகளில் கருவிகளும் அவர்களுடையவையே. இரண்டாவது மேனேஜ்டு சர்வீஸ். நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஏ.எம்.சி. ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். ஏ.எம்.சி.க்காரர் இயந்திரம் பழுதான பிறகு நாம் தொலைபேசியில் அழைத்தால் வருவார். மேனேஜ்டு சர்வீஸ் நிறுவனமோ பழுதாகும் முன்பே கவனிப்பதற்காக மாதக் கட்டணம் வாங்குகிறது. வலையமைப்பைத் தொலைவிலிருந்து இரவும் பகலும் பார்த்திருப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது, பதிவுகளை நகல் எடுத்து வைப்பது என்று வரையறுத்த சில வேலைகள் அதன் பொறுப்பு. என்ன வாங்குவது, எதை மாற்றுவது, யாருக்கு எந்தப் பதிவைப் பார்க்க உரிமை என்ற முடிவுகள் மருத்துவமனையிடமே இருக்கும், இருக்க வேண்டும். நடைமுறையில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள கோடு அழிந்து போவதும் உண்டு. விற்க வருகிறவர் தம் பொருளுக்கு எந்தப் பெயர் நன்றாக விற்கிறதோ அதைத்தான் வைப்பார்.

முழு ஒப்படைப்பு எப்படி நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை ஓர் எடுத்துக்காட்டு. அது அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 2016-ஆம் ஆண்டு, செலவு கட்டுக்கடங்காமல் போவதாகச் சொல்லி, கணினித் துறை வேலைகளில் ஒரு பகுதியை இந்தியாவின் எச்.சி.எல். நிறுவனத்துக்கு ஒப்படைக்க அது முடிவு செய்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம். அதனால் 3 கோடி டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. 2017 பிப்ரவரி 28-ஆம் நாள் நிரந்தரப் பணியாளர்கள் 49 பேர் வேலையிழந்து வெளியேறினார்கள். போவதற்கு முன், தங்கள் இடத்துக்கு வருகிறவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததாக அவர்களில் சிலர் சொன்னது அமெரிக்காவில் பெரிய விவாதமாயிற்று.

இந்தச் செய்தியைத் தமிழ்நாட்டில் இருந்து படிக்கும்போது நம் மனம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. எச்.சி.எல். போன்ற நிறுவனங்களுக்குச் சென்னையில் பெரிய அலுவலகங்கள் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளின் மெடிக்கல் பில்லிங், மெடிக்கல் கோடிங் வேலைகளும் சென்னையில் ஏராளமாக நடக்கின்றன. இரவு வேலை முடித்து, விடியற்காலை நிறுவன வண்டியில் வந்து இறங்கும் பிள்ளைகள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியவர்கள், தம்பியைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. அங்கே ஒருவர் இழந்த வேலை இங்கே ஒருவருக்குச் சோறு. ஆகவே வெளியே ஒப்படைப்பதே பாவம் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. ஆனால் ஒருவரைத் தம் நாற்காலிக்கு வருகிறவருக்கே பயிற்சி கொடுக்கச் சொல்லிவிட்டு வழியனுப்புவது, செலவுக் கணக்கில் எந்த வரியிலும் எழுதப்படாத ஒரு செலவு. அதே கணக்கு நாளை சென்னையையும் விட்டுவைக்காது. இன்னும் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் ஊருக்கோ, ஆளே வேண்டாத மென்பொருளுக்கோ அந்த வேலை போகலாம்.

கத்தோலிக்க மருத்துவமனைகளும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் அசென்ஷன் நிறுவனம் 1999-ஆம் ஆண்டு, பிறரன்புப் புதல்வியர் சபையின் மருத்துவ அமைப்பும் புனித சூசையப்பர் சகோதரிகளின் மருத்துவ அமைப்பும் இணைந்ததால் உருவானது. புனித வின்சென்ட் தே பவுலின் வழியில் ஏழை நோயாளிகளைத் தேடிப் போன சகோதரிகளின் மரபு அது. 2021-ஆம் ஆண்டு அந்த நிறுவனம் தன் கணினித் துறையில் 600-க்கும் மேற்பட்டோரின் பணிகளை வெளி நிறுவனத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2024 மே 8-ஆம் நாள், ரான்சம்வேர் எனப்படும் பணயத் தாக்குதல் அதன் கணினிகளில் நுழைந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது அதற்கு 140 மருத்துவமனைகள் இருந்தன. மின்னணு நோயாளிப் பதிவேடு நின்றது. செவிலியர்கள் மருந்துக் குறிப்புகளைத் தாளில் எழுதினார்கள். சில இடங்களில் ஆம்புலன்ஸ்கள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி விடப்பட்டன. பதிவேடு முழுவதும் மீண்டும் இயங்க ஜூன் நடுப்பகுதி ஆயிற்று. ஏறத்தாழ 56 இலட்சம் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டதாக அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனமே தெரிவித்தது.

2021-இல் ஆட்களை மாற்றியதால்தான் 2024-இல் தாக்குதல் நடந்தது என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம். பணியாளர் ஒருவர் நல்ல கோப்பு என்று நம்பித் தீய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கம் செய்ததே காரணம் என்று நிறுவனம் கூறியது. அது எந்த மருத்துவமனையிலும் எவருக்கும் நேரக்கூடியது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. கணினி நின்ற மறு நிமிடம், கட்டிடத்துக்குள் இருக்கிறவர்களில் யாருக்கு என்ன தெரியும் என்பதே அது. தாளில் மருந்துச் சீட்டு எழுதிப் பழகியவர்கள் எத்தனை பேர்? எந்தக் கருவியை எந்தக் கம்பியிலிருந்து பிடுங்கினால் தொற்று பரவாமல் நிற்கும் என்று அறிந்தவர் வளாகத்தில் இருக்கிறாரா, அல்லது வேறொரு நாட்டில், வேறொரு நேரக் கணக்கில் உறங்கிக்கொண்டிருக்கிறாரா?

அதே ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் இலண்டனில் நடந்தது இதைவிடக் கசப்பானது. கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை, கைஸ் மற்றும் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகள் ஆகியவற்றின் இரத்தப் பரிசோதனைகளைச் சின்னோவிஸ் என்ற கூட்டு நிறுவனம் செய்து வந்தது. மருத்துவமனைகளும் ஒரு தனியார் ஆய்வக நிறுவனமும் சேர்ந்து நடத்திய அமைப்பு அது. தாக்குதல் நடந்தது சின்னோவிஸின் கணினிகளில். ஆனால் தடுமாறியது அறுவைச் சிகிச்சை அரங்கு. நோயாளியின் இரத்த வகையை வழக்கமான வேகத்தில் பொருத்திப் பார்க்க முடியாமல் போனதால், யாருக்கும் ஏற்றத்தக்க ஓ வகை இரத்தம் கொடுக்க முன்வருமாறு பொதுமக்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. 10,000-க்கும் மேற்பட்ட வெளிநோயாளிச் சந்திப்புகளும் 1,700-க்கும் மேற்பட்ட சிகிச்சைகளும் தள்ளிப்போயின. அந்த நாட்களில் இறந்த நோயாளி ஒருவரின் மரணத்துக்குக் காரணமானவற்றுள், இரத்தப் பரிசோதனை முடிவுக்காக நீண்ட நேரம் காத்திருந்ததும் ஒன்று என்று 2025 ஜூனில் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை உறுதிப்படுத்தியது. பரிசோதனை வேலை வெளியே போயிருக்கலாம். நோயாளி எங்கும் போகவில்லை, அதே மருத்துவமனைப் படுக்கையில்தான் இருந்தார்.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பா? அதுவும் இல்லை. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23-ஆம் நாள் இதே போன்ற தாக்குதல் நடந்தது. பொதுத்துறையின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று, அரசின் தேசியத் தகவலியல் மையம் தந்த மென்பொருள், எல்லாம் இருந்தும் ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. ஏறக்குறைய இரண்டு வாரங்கள் பதிவுச் சீட்டும் பரிசோதனைச் சீட்டும் கையால் எழுதப்பட்டன. சொந்த ஆட்கள் இருப்பது மட்டும் காப்பாற்றாது. அவர்கள் போதுமான எண்ணிக்கையில், போதுமான பயிற்சியோடு இருக்க வேண்டும். ஐம்பது படுக்கை மருத்துவமனை ஒன்று இரவு பகலாக வலையமைப்பைக் கண்காணிக்க மூன்று ஷிஃப்டுக்கு ஆள் வைக்க முடியுமா? நிச்சயமாக முடியாது. இந்த இடத்தில் மேனேஜ்டு சர்வீஸ் உண்மையான உதவி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே நிபுணர் குழு பல மருத்துவமனைகளைக் கவனிக்கும்போது, தனி மருத்துவமனையால் வாங்க முடியாத திறமை அதற்கு எட்டும் விலையில் கிடைக்கிறது.

எனவே நம் கருத்து இதுதான். கண்காணிப்பு, நகல் எடுத்தல், மென்பொருள் புதுப்பித்தல் போன்ற வேலைகளை வெளியே கொடுக்கலாம். ஆனால் மருத்துவமனையின் கணினி அமைப்பை முழுவதும் அறிந்த ஒருவராவது, மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில், மருத்துவமனையின் கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும். அவரையும் நீக்கிவிட்டுச் செய்யும் மிச்சம், வீட்டுச் சாவியை அடுத்த தெருக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காவலுக்கு ஆள் வைத்தாயிற்று என்று சொல்வதைப் போன்றது. வெளி நிறுவனம் நன்றாக வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்கவும் வேலை தெரிந்த ஒருவர் வேண்டுமே. மாதாமாதம் வரும் அறிக்கையில் எல்லாம் பச்சை நிறமாக இருக்கும். அந்தப் பச்சைக்கு என்ன பொருள் என்று கேட்கத் தெரிந்தவர் யார்?

சேவை நிறுவனமே சறுக்கியதற்கும் சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் தேசிய நலச் சேவைக்கு மென்பொருளும் கணினிச் சேவையும் வழங்கிய அட்வான்ஸ்டு என்ற நிறுவனம் 2022 ஆகஸ்டில் தாக்கப்பட்டது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு கணக்கின் வழியே திருடர்கள் நுழைந்தார்கள். நாம் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் போன்ற ஒன்று அங்கே இல்லாமல் போயிற்று. 79,404 பேரின் விவரங்கள் திருடு போயின. அவர்களுள் 890 பேர் வீட்டிலேயே பராமரிப்புப் பெறும் நோயாளிகள். அவர்களுடைய வீட்டுக்குள் எப்படி நுழைவது என்ற குறிப்பும் அந்தப் பதிவுகளில் இருந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் வாசற்கதவு எப்படித் திறக்கும் என்ற செய்தி அந்நியர் கைக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். 2025 மார்ச்சில் அந்த நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்த நிறுவனத்துக்கு ஏறத்தாழ 30.7 இலட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. பதிவுகளின் உரிமையாளருக்கு அல்லாமல், அவற்றை அவருக்காகக் கையாண்ட சேவை நிறுவனத்துக்கே அந்த அலுவலகம் இப்படி அபராதம் விதித்தது அதுதான் முதல் முறை.

நம் நாட்டின் சட்டம் வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மருத்துவமனைக்காக வெளி நிறுவனம் பதிவுகளைக் கையாண்டாலும் பொறுப்பு மருத்துவமனையுடையதுதான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது மாறாது. தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும் என்று அவற்றில் சொல்லப்பட்டது. அதோடு, கணினித் தாக்குதல் ஒன்றை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை 2022-இலிருந்தே இருக்கிறது. வெளி நிறுவனம் தாக்குதலைக் கண்டுபிடித்து, தன் மேலாளருக்குச் சொல்லி, அவர் தன் வழக்கறிஞரைக் கலந்து, பிறகு மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அந்த ஆறு மணி நேரம் எங்கே போகும்? ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அருட்தந்தையோ அருட்சகோதரியோ இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது. ஒப்பந்தம் முடியும் நாளில் பதிவுகள் எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்பக் கைக்கு வரும் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். திருமணத்தன்று பிரிவைப் பேசுவதா என்று தயங்குகிறவர்கள் பிறகு நிறுவனத்தை மாற்றவே முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-ஆம் ஆண்டு மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், நேரடியாக வேலை கொடுப்பவர், மறைமுகமாக வேலை கொடுப்பவர் என்று இருவரைப் பிரித்துப் பேசுகிறார். கூலியைக் கையில் கொடுக்காவிட்டாலும், தொழிலாளியின் நிலையைத் தீர்மானிக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் கருத்து. மருத்துவமனைகள் துப்புரவுப் பணியையும் காவல் பணியையும் ஏஜென்சிகளிடம் விட்ட நாளிலிருந்தே இந்தக் கேள்வி நம் வாசலில் நிற்கிறது. சீருடை வேறு நிறுவனத்துடையது, ஆகவே அவருக்குப் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்பது நம் வேலையல்ல என்று எத்தனை இடங்களில் சொல்கிறார்கள்! கணினிப் பணியாளர் குளிர்சாதன அறையில் இருப்பதால் அவர் நிலை வேறு என்று நினைக்க வேண்டாம். மிகக் குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் கேட்டால், அந்தக் குறைவை யாரோ ஒரு இளைஞர் தம் தூக்கத்திலிருந்து கொடுக்கிறார். தூங்காத கண்ணுக்குத் தீய கோப்பும் நல்ல கோப்பாகத்தான் தெரியும்.

நம் சிறிய மருத்துவமனைகள் என்ன செய்யலாம்? 1943-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மருத்துவச் சகோதரி மேரி குளோரி, சிதறிக் கிடந்த கத்தோலிக்க மருத்துவ நிலையங்களை ஒன்று சேர்த்துச் சங்கம் அமைத்தார். தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யலாம் என்பதே அதன் அடிப்படை. அதே வழியில் ஒரு மாவட்டத்திலோ அண்டை மறைமாவட்டங்களிலோ உள்ள ஐந்தாறு மருத்துவமனைகள் சேர்ந்து, மூன்று நான்கு பேர் கொண்ட ஒரு கணினிக் குழுவை நியாயமான சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் மற்றவர்களிடம் அறிவு தங்கும். இரவுக் கண்காணிப்பை மட்டும் வெளி நிறுவனத்திடம் அந்தக் குழுவே சேர்ந்து பேரம் பேசி வாங்கலாம். மென்பொருளுக்கும் வழி இருக்கிறது. சத்தீஸ்கர் மாநிலம் கனியாரியில் ஏழைகளுக்காக நடக்கும் ஜன் ஸ்வாஸ்த்ய சகயோக் மருத்துவமனையின் தேவையை ஒட்டி உருவான பாம்னி என்ற மென்பொருளை உரிமக் கட்டணம் இன்றிப் பயன்படுத்தலாம். இலவசம் என்றாலும் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

இந்தக் கூட்டு முயற்சிக்குத் தடையாக இருப்பது பணம் மட்டுமல்ல. ஒவ்வொரு சபைக்கும் தனி நிர்வாகம், தனிக் கணக்கு, தனி வழக்கம். பக்கத்து மருத்துவமனையின் ஆள் நம் பதிவுகளைத் தொடுவதா என்ற தயக்கம் வேறு. அமெரிக்க நிறுவனத்தின் சர்வரில் நம் பதிவுகளை வைக்கக் கூசாதவர்கள் அடுத்த சபையின் சகோதரிகளிடம் கொடுக்கக் கூசுகிறார்கள்! இதைப் பேசித் தீர்க்கும் இடம் மறைமாவட்ட நலப் பணிக் குழுவின் கூட்டம்தான். பங்குப் பேரவைகளில் கணினித் துறையில் பணியாற்றும் பொதுநிலையினர் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு செய்ய அவர்களை அழைக்கிறோம். மருத்துவமனையின் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கவும் அவர்களை அழைக்கலாம். அதுவரை, வார்டில் ஒரு அலமாரியில் அச்சிட்ட மருந்துச் சீட்டுகளும் பரிசோதனைச் சீட்டுகளும் ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு இருக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரு நாள் கணினியை நிறுத்திவிட்டு அவற்றில் எழுதிப் பழகட்டும்.